தங்கச்சிமடத்துப் பழைய புல்லட்: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பா மீன் வியாபாரத்துக்கு ஓட்டிய 1988 மாடல் புல்லட் 350. வீடு ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கடையில் கொடுத்து முழு பெயிண்ட் அடித்தீர்கள். எட்டு மாதத்தில் டேங்கிலும் பின் மட்கார்டிலும் கொப்புளம் கிளம்பிவிட்டது. வெறுத்துப்போய் வீட்டுப் பின்னால் நிறுத்தினீர்கள், இப்போது இன்ஜினும் ஜாம். இந்தத் தடவை இன்ஜினையும் இறக்கிப் பெயிண்ட் அடித்துப் புதுசாக்க வேண்டும், எந்தப் பெயிண்ட் நல்லது, இன்ஜினுக்கு என்ன கலர் என்று கேட்கிறீர்கள்.

பெயிண்ட் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் போன தடவை உங்களுக்குப் பெயிண்ட் தோற்கவில்லை. அடியில் உப்பு இருந்தது.

துருப்பிடித்த தகட்டை எமரி போட்டுத் தேய்த்தால் வெளியே பளபளவென்று வரும். ஆனால் துரு தகட்டைத் தின்றது குழி குழியாக. ஒவ்வொரு குழியின் அடியிலும் உப்பு ஒட்டிக்கொண்டு இருக்கும். எமரி அந்த ஆழத்துக்குப் போகாது. சமையல்கட்டில் கல்லுப்பு ஜாடி வாடைக்காலத்தில் நீர் விட்டுக்கொள்ளுமே, அதேதான் பெயிண்டுக்கு அடியிலும் நடக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீரை இழுத்துக் கரையும். நம் தீவில் விடியற்காலையில் அதைத் தாண்டாத நாளை எண்ணிவிடலாம். பெயிண்ட் பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். உள்ளே போன ஈரத்தை உப்பு பிடித்து வைத்துக்கொள்ளும். கொப்புளம் வந்துவிடும். ஒரு கொப்புளத்தை நகத்தால் உடைத்து, கசியும் தண்ணீரில் வெள்ளைக் காகிதத்தை ஒற்றிப் பாருங்கள். மஞ்சளாகக் கறை பிடிக்கும்.

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன். எமரி, பட்டி, ரெட் ஆக்சைடு, மேலே என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் என்று எல்லா ஊரிலும் செய்கிற வேலையைத்தான் செய்திருப்பார். மதுரையில் அதே வேலை பல வருஷம் நிற்கும். பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்காது. 1914ல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு வருஷம் முழுக்கப் பெயிண்ட் வேலை நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அப்படியும் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தும்படி ஆயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்கு உள்ளே துருப்பிடிக்காத கம்பி, மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சு என்று போட்டிருக்கிறார்கள். இரும்புத் தூணுக்கே அந்தப் பாடு என்றால் நம் மட்கார்டு எந்த மூலைக்கு?

சரி, வேலைக்கு வருவோம். ஸ்பானரை எடுக்கும் முன் இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டின் மேலும் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து ஆர்சி புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயிண்ட் எடுக்கும்போது நம்பரை எமரியால் தேய்த்து மழுங்கடித்துவிட்டு, ராமநாதபுரம் ஆர்டிஓ ஆபீஸில் விழித்துக்கொண்டு நின்றவர்கள் உண்டு. வண்டி 15 வருஷம் எப்போதோ தாண்டிவிட்டது. ஆர்சி புதுப்பித்திருக்கிறதா பாருங்கள். நிறம் மாற்றினால் அதையும் ஆர்சியில் பதிய வேண்டும். என்னைக் கேட்டால் அப்பா ஓட்டிய கறுப்பையே வையுங்கள். அலைச்சலும் மிச்சம், வண்டிக்கும் அதுதான் அழகு.

அப்புறம் போட்டோ. வயர் எந்த வழியாகப் போகிறது, எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று நூறு படமாவது எடுங்கள். கழற்றிய நட்டு போல்ட்டைப் பழைய ஊறுகாய் டப்பாக்களில் பிரித்துப் போட்டு மேலே எழுதி ஒட்டுங்கள். ‘ஞாபகம் இருக்கும்’ என்பவரின் வண்டிதான் ஆறு மாதம் கழித்துச் சாக்கு மூட்டையில் என் பட்டறைக்கு வரும்.

இன்ஜின் ஜாம் என்றீர்கள். தயவுசெய்து கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். பிஸ்டன் அசையாது, கிக் ராட்செட்தான் பல் உடையும். பிளக்கைக் கழற்றி உள்ளே டீசலும் கியர் ஆயிலும் கலந்து அரை டம்ளர் ஊற்றி, பத்து நாள் விட்டுவிடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பெரும்பாலும் இளகிவிடும். இளகியதும் சந்தோஷத்தில் ஸ்டார்ட் செய்து பார்க்கவும் கூடாது. இரும்பு சிலிண்டரில் ரிங் ஒட்டியிருந்த இடம் துருவாகத்தான் இருக்கும். ஓட்டினால் புது ரிங்கையும் அது அரித்துவிடும்.

இந்த இன்ஜினைப் பிரிக்க எனக்கு எப்போதும் பிடிக்கும். மெட்ராஸில் 1955ல் தொடங்கியது. அப்புறம் பல பத்து வருஷம் பெரிய மாற்றம் இல்லாமல் வந்த வார்ப்பு. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஓடும் தூரம், 90; மொத்தம் 346 சிசி. சிலிண்டர் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது, கிராங்க் கேஸிலேயே ஓர் அறை. அங்கிருந்து ஒரு பம்ப் ஆயிலைத் தள்ளும், இன்னொரு பம்ப் அடியில் சேர்ந்ததைத் திரும்ப இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அறையில் இருக்கிற ஆயில் பம்பைத் தாண்டிக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அதோடு நம் ஊர் ஈரமும் சேர்ந்தால் அடியில் தண்ணீர் தங்கும். டிரெய்ன் நட்டைத் திறந்ததும் மோர் மாதிரி வெளுத்த ஆயில் வந்தால், மெயின் பேரிங்கைப் பார்க்காமல் மூடாதீர்கள். உருளையில் புள்ளி அளவு துரு இருந்தாலும் மாற்றிவிட வேண்டியதுதான். கழுவி எண்ணெய் போட்டு ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் சத்தம் கொடுக்கும்.

கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். துளி கூட ‘டக்’ இருக்கக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். உங்கள் வண்டி வந்த காலத்து புல்லட்டில், கனெக்டிங் ராடின் அடிமுனையான பிக் எண்டில் ரோலர் இல்லை, மிதக்கும் புஷ். ஆயில் சரியாகப் போனால் நெடுநாள் உழைக்கும், போகாவிட்டால் உடனே போய்விடும். ஆகவே பிக் எண்டுக்குச் செலவு செய்கிறவர்கள் ஆயில் பம்பையும் கழற்றி, அதன் டிஸ்க்கைக் கண்ணாடி மேல் மெல்லிய பேஸ்ட் போட்டுத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். துணி ஃபில்டரையும் மாற்றுங்கள்.

துருப்பிடித்த சிலிண்டரின் உட்புறத்தைக் கடைய, அதாவது போர் போட, லேத்துக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்கிவிடுங்கள். 20, 40 என்று ஓவர்சைஸ் கிடைக்கும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு கூடுதல். பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்கேற்ப போர் போடச் சொல்லுங்கள். முதலில் போர் போட்டுவிட்டு அப்புறம் பிஸ்டன் தேடுவது, தாலி வாங்கிவிட்டுப் பெண் தேடுவது மாதிரி.

போர் போட்டு வந்த சிலிண்டரை எல்லோரும் பெட்ரோலில் கழுவுவார்கள். பெட்ரோல் எண்ணெயை எடுக்கும், கல் தேய்த்த பொடியை எடுக்காது. அது கீறல்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் போகும்வரை கழுவுங்கள். அது முடிந்த நிமிஷமே ஆயில் தடவ வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால், நம் ஊர்க் காற்றில் திரும்பி வருவதற்குள் போர் செம்மண் நிறமாகியிருக்கும். நான் ஒருமுறை போனேன். மறுபடி லேத்துக்கே கொண்டு போனேன்.

இன்ஜின் கவர் ஸ்க்ரூக்கள் கழலவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இரும்பு ஸ்க்ரூ, அலுமினிய உடம்பு, நடுவில் உப்பு: அலுமினியம் வெள்ளைப் பொடியாகப் பூத்து ஸ்க்ரூவை இறுக்கியிருக்கும். அடித்துத் திருப்பினால் தலை போய்விடும். சூடு பண்ணுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தானாகத் தளரும். கேஸ் வெல்டிங் தீ வேண்டாம், ஹீட் கன் அல்லது கொதிக்கிற தண்ணீர் போதும். அப்புறம் இம்பாக்ட் டிரைவர், சுத்தியலால் தட்டினால் தானே திருகும் கருவி. திரும்பப் பூட்டும்போது ‘துருவே பிடிக்காது’ என்று எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டுக்கு மாறுவார்கள். போல்ட்டுக்குத் துருப்பிடிக்காதுதான். ஆனால் உப்புக் காற்றில் எஸ்எஸ்ஸும் அலுமினியமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் சீக்கிரம் அரிக்கும். மரை முழுக்க கிரீஸ் தடவாமல் ஓர் எஸ்எஸ் போல்ட்டும் உள்ளே போகக் கூடாது.

இப்போது இன்ஜினுக்கு என்ன கலர். சிலிண்டருக்குக் கறுப்பு, சூடு தாங்கும் பெயிண்ட். மெல்லிசாக இரண்டு கோட். கெட்டியாக அடித்தால் விசிறி விசிறியாக இருக்கும் ஃபின்களுக்கு நடுவில் தேங்கி, சூட்டில் செதில் செதிலாக உரியும். இந்தப் பெயிண்ட் காற்றில் காய்ந்தால் போதாது, சூட்டில் வெந்தால்தான் இறுகும். டப்பாவில் எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம் என்று இருக்கும், அதன்படி ஓவனில் வைத்தெடுப்பது உத்தமம். வீட்டம்மா சமைக்கிற ஓவன் மட்டும் வேண்டாம்.

கிராங்க் கேஸ், டைமிங் கவர், கியர் பாக்ஸ் எதற்கும் பெயிண்ட் வேண்டாம் என்பது என் கருத்து. சில்வர் அடித்த இன்ஜின் முதல் மாதம் பளிச்சென்று இருக்கும், பிறகு ஆயில் கசிவில் உரிந்து சொறி பிடித்த மாதிரி ஆகும். நிறமில்லாத கிளியர் அடிக்கலாமே என்பார்கள். மண்டபம் ஊரில் பட்டறை போட்ட புதிதில் என் சொந்த வண்டிக்கு கவர்களை பஃபிங் செய்து மேலே கிளியர் லேக்கர் அடித்தேன். ஊரே திரும்பிப் பார்த்தது. ஒரு வாடைக்காலம் போயிற்று. கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கோடு. அதை எடுக்க மறுபடி எல்லாவற்றையும் சுரண்ட வேண்டியதாயிற்று. அதிலிருந்து வெறும் அலுமினியமாகவே விட்டுவிடுகிறேன். பஃபிங் செய்து, வாரம் ஒருமுறை ஆயில் துணியால் ஓர் இழுப்பு. அழுக்குப் பிடிக்கும், அரிக்காது.

இன்ஜின் பூட்டும்போது இரண்டு அளவு. தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். வால்வைத் திறக்க உதவும் புஷ் ராட் இரண்டும் இன்ஜின் ஆறியிருக்கும்போது விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. இடைவெளி விட்டு வைத்தால் நன்றாக ஓடும் என்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம், டக் டக் என்று அடித்துக்கொண்டிருக்கும்.

இனி சேசிஸ், டேங்க், மட்கார்டு. பெயிண்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை வெறும் இரும்பாகவே பூட்டிப் பாருங்கள். மட்கார்டு ஓட்டை ஒட்டவில்லை, சைலன்சர் கிளாம்ப் இடிக்கிறது என்பதெல்லாம் அப்போதே தெரியும். பெயிண்ட் அடித்த பிறகு டிரில் போட்ட ஓட்டையின் விளிம்பில்தான் அடுத்த துரு தொடங்கும்.

சேசிஸுக்கு பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் துகளை வீசி அடித்துத் துரு எடுப்பது, நல்லது. எதைக் கொண்டு அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘மணல் சும்மா கிடக்கிறதே’ என்று கடற்கரை மணலை அடித்த ஒரு சேசிஸ் என்னிடம் வந்தது. உப்பை எடுக்கக் கொடுத்தார், உப்பை ஏற்றி வாங்கி வந்தார். மணல் தூசு அடிக்கிறவர் நுரையீரலையும் கெடுக்கும். கார்னெட் அல்லது கண்ணாடி மணி போதும்.

முக்கியமான வேலை இதற்குப் பிறகுதான். துரு எடுத்த ஒவ்வொரு பாகத்தையும் நல்ல தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். நம் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கும், அதில் கழுவினால் கதை முடிந்தது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அருமை, இல்லாவிட்டால் கடைசிக் கழுவலுக்காவது கேன் தண்ணீர் வாங்குங்கள். பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறவர் இரண்டு கேன் தண்ணீருக்கு யோசிக்கக் கூடாது. கழுவி, உடனே துடைத்து, வெயிலில் காய வைத்து, ஒரு ராத்திரி திறந்த வெளியில் விட்டுவிடுங்கள். மறுநாள் காலையில் தகடு முழுக்க லேசாக மங்கியிருந்தால் பரவாயில்லை. குழிகளில் மட்டும் ஆரஞ்சுப் புள்ளி பூத்திருந்தால் உப்பு இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தேய்த்துக் கழுவுங்கள். உங்கள் பின் மட்கார்டின் அடிப்பக்கம் ஐஸ் பெட்டித் தண்ணீர் வருஷக்கணக்கில் வடிந்த இடம். மூன்று நான்கு முறையாவது ஆகும். அதற்குள் அது சல்லடை ஆகிவிட்டால் புதுசு வாங்கிவிடுங்கள், பட்டி வைத்து மூடாதீர்கள்.

புள்ளி பூக்காத நாள் வந்ததும் கடைசியாக லேசாகத் தேய்த்து, துடைத்து, அன்றைக்கே எபாக்சி பிரைமர் இரண்டு கோட். பட்டி வைப்பதானால் எபாக்சி மேல்தான், வெறும் தகட்டில் வைக்காதீர்கள். பட்டி ஈரத்தைக் குடிக்கும். அதன் மேல் சர்ஃபேசர், 400, 600, 800 என்று வாட்டர் பேப்பர், அப்புறம் பியூ (பாலியூரித்தேன் பெயிண்ட்) கறுப்பு. கம்பெனி பெயர் கேட்டீர்கள். ஹார்ட்னர் கலக்கிற எந்த நல்ல பியூவும் போதும், பிரைமரும் பியூவும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். ஹார்ட்னரைச் சின்ன டப்பாவாக வாங்குங்கள். திறந்து வைத்தால் நம் காற்றின் ஈரத்தைக் குடித்து டப்பாவிலேயே இறுகிவிடும். அதன் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது வெறும் மனசாந்தி. சரியான மாஸ்க் இல்லாதவர்கள் பெயிண்ட் பூத் உள்ள கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

பவுடர் கோட்டிங் பற்றி அடுத்துக் கேட்பீர்கள். ஸ்டாண்டுக்கும் சின்னச் சின்ன பிராக்கெட்டுக்கும் போடலாம். சேசிஸுக்கு நான் போடுவதில்லை. ஒரு கல் பட்டு உடைந்தால் அந்த வழியாக உப்பு நுழைந்து, மேலே பளபளப்பு கெடாமலே உள்ளே தின்றுகொண்டு போகும். பியூவில் அடிபட்டால் தெரியும், தொட்டு அடித்துவிடலாம்.

எப்போது அடிப்பது? வாடை ஓய்ந்து, பிப்ரவரி மார்ச்சில். காலை பத்து மணிக்கு மேல், பனி ஈரம் போன பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், ஆள் சும்மா இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். படகெல்லாம் கரையேறும் காலம் அதுதான். லேத்துப் பட்டறையில் படகு ஷாஃப்ட்டுகள் வரிசையில் கிடக்கும், உங்கள் சிலிண்டரை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

டேங்கின் உள்ளேயும் துரு இருக்கும். சிட்ரிக் ஆசிட் கரைசல் ஊற்றி ஒருநாள் வைத்து, கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவி, உடனே காயவைத்து ஆயில் சுழற்றிவிடுங்கள். ஓட்டை இருந்து வெல்டிங் என்றால், காலி டேங்க்தானே என்று நினைக்காதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும், உள்ளே பெட்ரோல் ஆவி நிற்கிறது. முழுக்கக் கழுவி, வெல்டிங் இடம் வரை தண்ணீர் நிரப்பிய பிறகுதான் தீ. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் ஊற வைத்துக் கெடுக்கும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர்களைப் புதுசாகப் போடுங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்க் நிறைய இருக்கட்டும், கார்புரேட்டர் கப்பைக் காலி செய்துவிடுங்கள்.

டேங்க்கில் தங்கக் கோடு ஸ்டிக்கராக வேண்டாம். சென்னை ஆலையில் அதைக் கையால் இழுக்கும் வழக்கம் உண்டு. நம் ஊரிலும் படகுக்குப் பெயர் எழுதுகிறவர்களிடம் அந்தக் கை இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், கொஞ்சம் கோணலாக வந்தாலும் உயிர் இருக்கும்.

பூட்டி முடித்து முதல் நாள் கிக் அடிக்கும் முன், மேலே ராக்கருக்குப் போகிற ஆயில் பைப் போல்ட்டை லேசாகத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்ச நேரத்தில் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் அணைத்துவிடுங்கள். கிக் அடிக்கும் முறை அப்பாவுக்குத் தெரிந்திருக்கும்: சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மெதுவாக மிதித்து, விட்டு, அப்புறம் ஒரே மிதி. கியர் வலது காலில், ஒன்று மேலே, மற்றதெல்லாம் கீழே, பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முதல் நாள் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார்கள். தெருவில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பழகுங்கள்.

வண்டியை பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய வேட்டி, போர்வை ஏதாவது போதும். நிறுத்துகிற இடத்தைப் பாருங்கள்: பாக் நீரிணைப் பக்கம் வாடையிலும், மன்னார் வளைகுடாப் பக்கம் கச்சானிலும் (தென்மேற்குக் காற்றில்) சாரல் வரும். இரண்டுக்கும் மறைவான சுவர் ஓரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வண்டி ஓடத் தொடங்கியதும் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ஒரு சுற்று போகத் தோன்றும். போய் வாருங்கள். வந்ததும் இன்ஜின் ஆறியபின், மட்கார்டு அடிப்பக்கம், ஸ்விங் ஆர்ம், ஸ்போக் முனைகள் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, செயினுக்கு ஆயில் விட்டுவிட்டு அப்புறம் சாப்பிட உட்காருங்கள்.